நான் விலகுவதற்கு முன் அவர்களே நீக்கிவிட்டால் கிராஜுவிட்டி போய்விடுமா?

கேள்வி: கோவையில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2021 ஆகஸ்ட் 2-ம் தேதி சேர்ந்தேன். மாதச் சம்பளம் ரூ.30,000, அதில் பேசிக் ரூ.18,000. ஞாயிறு மட்டும் விடுமுறை. வேலை எனக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். இதற்கிடையில் 2026 ஜனவரி கடைசியில், ஜி.எஸ்.டி. கணக்கைத் தாமதமாக ஏற்றியதாக மெமோ கொடுத்துவிட்டார்கள். நான் ராஜினாமா கொடுப்பதற்குள் அவர்களே நீக்கிவிட்டால் பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை) எல்லாம் போய்விடுமா? ‘டிஸ்மிஸ்’ என்று பதிவாகிவிட்டால் வேறு வேலை கிடைக்குமா? ரூ.15,000 கொடுத்தால் எல்லாவற்றையும் சுமுகமாக முடித்து, அனுபவச் சான்றிதழும் வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்தக் கடைசிக் கேள்வி. கொடுக்காதீர்கள், ஒரு ரூபாய்கூட. அவர் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒவ்வொன்றும் உங்களுக்கு ஏற்கெனவே சொந்தமானது. பி.எஃப். பணத்தை யு.ஏ.என். (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) தளத்திலோ அரசின் உமங் செயலியிலோ நீங்களே கட்டணமில்லாமல் கேட்கலாம். இந்த இடைத்தரகர்கள் முதலில் கேட்பது உங்கள் யு.ஏ.என். கடவுச்சொல்லையும் ஆதார் ஓ.டி.பி.யையும்தான். அதைக் கொடுத்தபின் கைபேசி எண், வங்கிக் கணக்கு எதை வேண்டுமானாலும் மாற்ற அவர்களால் முடியும். ‘வேறு நிறுவனத்தின் பெயரில் நல்ல சான்றிதழ்’ என்றும் சிலர் விற்கிறார்கள். புதிய நிறுவனம் உங்கள் யு.ஏ.என். பணி வரலாற்றைப் பார்த்த அன்றே அது பொய்யென்று தெரிந்துவிடும். அதன்பிறகு வருவதுதான் உண்மையான டிஸ்மிஸ்.

அந்தப் பணி வரலாற்றைப் பற்றியே உங்களுக்குப் பயம் இருக்கிறது. பி.எஃப். தளத்தில் நிறுவனம் உங்கள் கடைசி நாளைப் பதியும்போது காரணத்தையும் தேர்வு செய்ய வேண்டும். ஓய்வு, மரணம், நிரந்தர ஊனம், பணி முடிவு என்ற மாதிரிதான் அந்தப் பட்டியல் இருக்கும். ‘டிஸ்மிஸ்’ என்றொரு தேர்வே அதில் கிடையாது. கடைசி நாளைப் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே பதிந்துகொள்ளலாம். நீக்கினாலும் விலகினாலும் பி.எஃப். பணத்தில் கைவைக்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. ஆனால் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரி வரும், ஓய்வூதியத்துக்கான 10 வருடக் கணக்கும் உடையும். அடுத்த நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி கிராஜுவிட்டி. உங்கள் விஷயத்தில் தேதிதான் முக்கியம்.

ஐந்து வருடம் முடிந்தால்தான் கிராஜுவிட்டி என்று எல்லோரும் சொல்வார்கள், உங்கள் ஹெச்.ஆரும் அதையே சொல்வார். ஆனால் நாலு வருடம் முடிந்து, ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதுவும் ஒரு முழு வருடமே என்று 1998-ல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வாரம் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் அலுவலகமாக இருந்தால் 240-க்குப் பதில் 190 நாள் போதும். உங்களுக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை என்பதால் 240.

எண்ணிப் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 1-ம் தேதி நாலு வருடம் முடிந்தது. ஆகஸ்ட் 2-லிருந்து 240-வது நாள் 2026 மார்ச் 29. சம்பளத்தோடு கூடிய ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் இந்த 240-ல் சேரும். உச்ச நீதிமன்றம் 1985-லேயே தெளிவாக்கிவிட்ட விஷயம் இது. சம்பளத்தோடு எடுத்த விடுப்பும் சேரும். சம்பளம் பிடித்த விடுப்பு சேராது. 2025 ஆகஸ்டுக்குப் பின் வந்த சம்பளச் சீட்டுகளை எடுத்து ‘எல்.ஓ.பி.’ (சம்பளம் பிடித்த நாட்கள்) என்ற கட்டத்தைப் பாருங்கள். அதில் 9 நாள் இருந்தால் மார்ச் 29 ஏப்ரல் 7 ஆகிவிடும். அதற்கு மேல் ஒரு வாரம் கூட்டிவைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு நாளை ‘ஆப்சென்ட்’ என்று திருத்தி எழுதுவது நடக்காத காரியமல்ல.

அந்த நாள் கடந்தால் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு வருடமாகும். 18,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 5-ஆல் பெருக்குங்கள்: ரூ.51,923. அந்த நாளுக்கு முன் போனால் பூஜ்யம்.

அதனால்தான் இன்றே ராஜினாமா கொடுக்காதீர்கள் என்கிறேன். ‘நியமனக் கடிதத்தில் அறுபது நாள் நோட்டீஸ் இருக்கிறதே, இப்போது கொடுத்தால் ஏப்ரல் வந்துவிடுமே’ என்று தோன்றும். நோட்டீஸ் காலத்தில் நீங்கள் வேலைக்குப் போனால் அது பணிக்காலம்தான். ஆனால் கடிதத்தை வாங்கிய கையோடு ‘நாளையிலிருந்து வர வேண்டாம், நோட்டீஸ் சம்பளம் தந்துவிடுகிறோம்’ என்று அவர்கள் சொன்னால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். ஏப்ரல் 15 வரை பல்லைக் கடித்துக்கொண்டிருங்கள்.

அதற்குள் அவர்கள் நீக்கிவிட்டால்? சட்டப்படி அது காரணமில்லாமல், நினைத்தவுடன் செய்கிற வேலை இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன் 41-வது பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நீக்க நியாயமான காரணம் வேண்டும். ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். நோட்டீஸ் இல்லாமல் அனுப்ப வேண்டுமென்றால் குற்றச்சாட்டு எழுதிக் கொடுத்து, விசாரணை நடத்தி, சாட்சியம் பதிவு செய்து நிரூபிக்க வேண்டும். தாமதமாகக் கணக்கு ஏற்றியதை வைத்துக்கொண்டு அதையெல்லாம் முறையாகச் செய்ய வாரக்கணக்கில் ஆகும். முறையில்லாமல் நீக்கினால், உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். அந்த 30 நாளைத் தவறவிடாதீர்கள். ‘பேசி முடித்துவிடலாம், பொறுங்கள்’ என்று நிறுவனம் சொல்லிக்கொண்டே இருப்பது பெரும்பாலும் அந்த நாட்களைக் கரைப்பதற்காகத்தான்.

உண்மையான ஆபத்து நீங்களே செய்யக்கூடிய தவறுகளில் இருக்கிறது. மெமோவுக்குப் பதிலாக ‘மன்னிக்கவும், இனி இப்படி நடக்காது’ என்று எழுதுவது முதல் தவறு. மரியாதைக்காக எழுதிய அந்த ஒரு வரியை விசாரணையில் ஒப்புதல் வாக்குமூலமாக வைப்பார்கள். எந்த மாதக் கணக்கு, கிளையிலிருந்து பில் எந்தத் தேதியில் வந்தது, நீங்கள் ஏற்றிய தேதி எது என்ற மூன்றையும் மட்டும் எழுதுங்கள். குறித்த நாளுக்குள் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அதே நாளில் மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கோபத்தில் வேலைக்குப் போகாமல் இருந்துவிடுவது. மூன்றாவது நாளே ‘பணியைக் கைவிட்டார்’ என்ற கடிதம் கிளம்பிவிடும், உங்கள் 240-ம் அங்கேயே நின்றுவிடும். உடம்பு சரியில்லையென்றால் விடுப்புக் கடிதமும் மருத்துவச் சான்றும் அன்றே போக வேண்டும்.

மூன்றாவது, அறைக்குள் உட்காரவைத்து ‘நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் டெர்மினேட் செய்துவிடுவோம், கெரியர் கெட்டுவிடும்’ என்று சொல்லும்போது கையெழுத்துப் போடுவது. எத்தனை பேரை இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறார்கள்! ‘வீட்டில் கேட்டுவிட்டு நாளை சொல்கிறேன்’ என்று எழுந்து வந்துவிடுங்கள். வெற்றுத்தாளிலும், முன்தேதியிட்ட கடிதத்திலும், ‘எல்லாத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளிலும் பணம் கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். வற்புறுத்தினால் அன்றிரவே, யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று நிறுவனத்துக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து எழுதிவிடுங்கள்.

அலுவலக மின்னஞ்சல் எந்த நாளும் மூடப்படலாம். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், படிவம் 16, சம்பள உயர்வுக் கடிதம் இவற்றை இப்போதே சேர்த்து வையுங்கள். இவை உங்களுடையவை. வாடிக்கையாளர் பட்டியல், கணக்குக் கோப்புகள் எதையும் தொடாதீர்கள். அவற்றை நகலெடுத்தால் அவர்கள் தேடும் குற்றச்சாட்டை நீங்களே தட்டில் வைத்துக் கொடுத்ததாகிவிடும்.

ஏப்ரல் 15-க்குப் பின் எழுத வேண்டிய ராஜினாமா நாலே வரி: ‘சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகுகிறேன். நியமனக் கடிதத்தின்படி 60 நாள் நோட்டீஸ் தருகிறேன். கடைசி வேலை நாள் இன்ன தேதி. ரிலீவிங் லெட்டர், பாக்கிச் சம்பளம், கிராஜுவிட்டி ஆகியவற்றை வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.’ மேலாளரின் நடத்தை, வேலையின் மேல் வெறுப்பு எதுவும் இதில் வேண்டாம்.

பாக்கிச் சம்பளத்துக்கு ‘நாற்பத்தைந்து நாள் ஆகும், அதுதான் கம்பெனி வழக்கம்’ என்பார்கள். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகினாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது. சட்டம் வந்தும் யாரும் கேட்பதில்லை என்பதால்தான் அந்த வழக்கம் உயிரோடு இருக்கிறது. கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

கிராஜுவிட்டிக்குத் தனியாக ஒரு விண்ணப்பம் கொடுங்கள். 30 நாளுக்குள் தரவேண்டும், தாமதித்தால் வட்டியோடு. ‘ஐந்து வருடம் ஆகவில்லை’ என்று மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு, 1998 தீர்ப்பின் நகலோடும் சம்பளச் சீட்டுகளோடும் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போங்கள். இரண்டு மூன்று முறை அலையவிடுவார்கள், ‘அதிகாரி கேம்ப் போயிருக்கிறார்’ என்பார்கள். வாசலில் ‘மனு எழுதித் தருகிறேன், உள்ளே ஆள் இருக்கிறது’ என்று வருபவரைக் கடந்து உள்ளே போய், மனுவை நீங்களே கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள்.