ஓய்வு பெறப்போகும் மூத்த டெக்னீஷியனுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி வாங்கிவிட்டால் போதுமா?

போதாது. நீங்கள் சூப்பர்வைசராகவோ எச்.ஆரிலோ இருப்பீர்கள், பெரியவர் போக ஒரு மாதம்தான் பாக்கி, மேலிடத்தில் "எல்லாத்தையும் எழுதி வாங்கு" என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு சிப் பேக்டரியில் இது என் கண்முன்னே நடந்ததால் கொஞ்சம் காட்டமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வயர் பாண்டிங் லைனில் ஓர் அண்ணன் இருந்தார். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை சிப்பிலிருந்து இழுத்து, லீட் என்கிற உலோகக் கால் மீது அதிர்வு கொடுத்து ஒட்டுகிற மெஷின். கம்பி ஒட்டவில்லையென்றால் பவரைக் கூட்டு, ஃபோர்ஸைக் கூட்டு என்று எஸ்.ஓ.பி., அதாவது கம்பெனியின் வேலைமுறைக் குறிப்பு, சொல்லும். அண்ணன் ஸ்கிரீன் பக்கமே போகமாட்டார். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, ட்வீசர் நுனியால் லீடை லேசாக அழுத்திப் பார்ப்பார். லீட் துள்ளினால், அதை அழுத்திப் பிடிக்கிற கிளாம்ப் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அப்போது எவ்வளவு பவர் கொடுத்தாலும் அதிர்வெல்லாம் லீட் ஆடுவதிலேயே போய்விடும், கம்பி ஒட்டாது.

60 வயதில் ஓய்வு. கடைசி மாதம் ஒரு லேப்டாப்பையும் ஆங்கிலப் படிவத்தையும் கொடுத்து உட்கார வைத்தார்கள். அவர் எழுதியது, "கிளாம்பைச் சரிபார்க்கவும்." ஒரே வரி. ஒளித்து வைக்கிற ஆள் இல்லை அவர். ட்வீசரால் அழுத்திப் பார்ப்பதெல்லாம் எழுத வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. கைக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த வித்தை இன்று எங்கள் லைனில் இருக்கிறதென்றால், அந்தப் படிவம் வருவதற்கு முன்பே நான் அவர் பக்கத்தில் நின்று நோட்டில் குறித்து வைத்ததால்தான். மெஷின் நிற்கும்போது, "ஏண்ணே முதலில் அங்கே பார்த்தீங்க? வேற என்னவா இருக்கும்னு நினைச்சீங்க?" என்று கேட்பேன். பிரேக்கில் நோட்டைக் காட்டினால் தப்பை அடித்துத் திருத்துவார். நைட் ஷிப்ட் பிள்ளைகள் இன்றும் அந்த நோட்டைத்தான் தேடி வருகிறார்கள். ஆனால் கம்பெனி போர்ட்டலில் அதை ஏற்றியபோது ஓர் இன்ஜினியர் பெயர்தான் போட்டார்கள். அண்ணன் பெயர் எங்குமே இல்லை. இப்படிச் செய்தால் அடுத்தவன் எதற்கு வாயைத் திறப்பான்? செராக்ஸ் நிறுவனம் 1990களில் யுரேகா என்று ஒரு திட்டம் நடத்தியது. மெஷின் பழுது பார்ப்பவர்கள் எழுதும் குறிப்பைச் சக டெக்னீஷியன்களே சரிபார்ப்பார்கள், எழுதியவர் பெயரோடு அது எல்லாருக்கும் போகும். பெயரைப் போடுவதில் செலவு என்ன இருக்கிறது?

"ஆடிட்டுக்கு ஆவணம் வேண்டாமா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஐ.எஸ்.ஓ. 9001 என்கிற தர மேலாண்மைத் தரநிலையின் 2015 பதிப்பில், நிறுவன அறிவைப் பற்றிப் பேசும் 7.1.6 பிரிவைப் படித்துப் பாருங்கள். அறிவைப் பராமரி, தேவைப்படும் அளவுக்குக் கிடைக்கச் செய் என்கிறது. இத்தனை ஆவணம் ஏற்று என்று எங்கும் இல்லை. அந்த எண்ணிக்கையை கே.பி.ஐ., அதாவது வேலையை அளக்கும் இலக்கு, ஆக்கியது நம் ஆட்கள்தான்.

அப்புறம் ஷிப்ட் ஹேண்டோவர், அதாவது ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டிடம் வேலையை ஒப்படைப்பது. ஆள் ஆளிடம் பேசிக்கொள்ளும் நேரமே அதுதான், ஆனால் அதற்குச் சம்பளம் கிடையாது. கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த் போகிற கம்பெனி பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை என்று எல்லாரும் ஓடுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவனுக்கு இது பெரிய கொடுமை. யாரிடம் சொல்வது?

சரி, உங்களிடம் ஒரு மாதம்தான் இருக்கிறதென்றால் படிவத்தை மூடி வையுங்கள். போன வருட பிரேக்டவுன் பதிவுகளை எடுத்து, அதிக நேரம் லைனை நிறுத்தியவற்றைப் பிரித்தெடுங்கள். பெரியவரையும் அவர் இடத்துக்கு வரப்போகிறவரையும் மெஷின் முன்னால் நிறுத்தி, ஒவ்வொன்றையும் அவர் கையால் செய்து காட்டச் சொல்லுங்கள். புதியவர் எழுதட்டும், பெரியவர் திருத்தட்டும். இதை ஷிப்ட் நேரத்துக்குள்ளேயே வையுங்கள். இருவர் பெயரையும் போடுங்கள்.