புதைபடிவ மகரந்தம்: கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் நிலக்கரிப் பாறையில் இரண்டு காற்றுப்பைகளோடு ஒரு மகரந்தத் துகள் கிடைத்தது. எங்கே தொடங்குவது?

பெயரில் தொடங்காதீர்கள், அளவில் தொடங்குங்கள். நடுவுடலின் நீள அகலம், பைகளின் நீள அகலம், பை எங்கே ஒட்டுகிறது, பைக்குள் தெரியும் வலைப்பின்னல் எப்படி என்று எழுதுங்கள். அப்புறம் ஃபோகஸ் திருகை மெல்லத் திருப்புங்கள்: ஒரு மட்டத்தில் நடுவுடல்மேல் நீளவாக்கில் நாடா போன்ற பட்டைகள் தெளியும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் அவை மங்கி, எதிர்ப்பக்கத்தில் இரண்டு பைகளுக்கும் நடுவே உள்ள மெலிந்த பகுதி தெரியும். இரண்டு மட்டத்திலும் படம் எடுங்கள். பக்கவாட்டில் நசுங்கிய துகள் வேறு இனம் போலவே இருக்கும், ஏமாறாதீர்கள்.

கேள்வி: பாறையை ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் வீட்டிலேயே கரைக்கலாமா?

கூடவே கூடாது. தோலைத் தாண்டி உள்ளே போகும், வலி சில நேரம் தாமதமாகத்தான் தெரியும். ஆய்வகத்தில் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள்.

கேள்வி: பட்டை இருந்தால் அது குளோசோப்டெரிஸ் என்ற அழிந்துபோன மரத்தின் துகள்தானே?

இல்லை. குளோசோப்டெரிஸ் இலைகளோடு சேர்ந்து கிடைத்த மகரந்தப் பைகளுக்குள் இந்த வகைத் துகள்கள் இருந்தன, அது உண்மைதான். ஆனால் பட்டையும் இரண்டு காற்றுப்பையும் உள்ள புரோட்டோஹாப்லாக்சிபைனஸ் வகைத் துகள் ரஷ்யாவின் பெர்மியன் காலப் (சுமார் 30 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) பாறைகளில் பெர்மோதீகா என்ற வேறொரு செடியின் மகரந்தப் பைக்குள்ளும் கிடைத்திருக்கிறது. ஒரே வடிவத்தை வெவ்வேறு செடிகள் தந்திருக்கும்போது, தனியே கிடைத்த துகளுக்குச் செடியின் பெயரை ஒட்ட முடியாது. 1954-இல் பொட்டோனியே, கிரெம்ப் என்ற ஆய்வாளர்கள் வடிவத்தை மட்டும் வைத்து வகைப்பாடு செய்ததும் இதற்காகத்தான்.

கேள்வி: ஆனால் இந்தியாவில் குளோசோப்டெரிஸ்தானே நிறைய? அப்படியே எழுதினால் என்ன தப்பு?

ஊகத்தை ஊகம் என்று விவாதப் பகுதியில் எழுதுங்கள், தாராளமாக. விவரிப்புப் பகுதியில் அது வந்தால், நாளைக்கு இன்னொருவர் உங்கள் பட்டியலை எண்ணி, காடு முழுக்க குளோசோப்டெரிஸ் என்று முடிவு கட்டுவார். நீங்கள் பார்த்தது துகளை, மரத்தை அல்ல.

கேள்வி: படம் அனுப்பியிருக்கிறேன், பட்டை இருக்கிறது. குளோசோப்டெரிஸா?

மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று. படத்தில் அளவுகோலும் இல்லை.

கேள்வி: தேனில் உள்ள மகரந்தத்தை வைத்துப் பூவைக் கண்டுபிடிக்கலாமா?

என் துறை இல்லை. தேன் மகரந்தம் பார்ப்பவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு துகளை வைத்துப் புதிய இனம் அறிவிக்கலாமா?

வேண்டாம். அதே ஸ்லைடை ஓரத்திலிருந்து ஓரம்வரை பாருங்கள், இன்னும் இரண்டு மூன்று ஸ்லைடு போடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு துகளுக்கும் ஸ்லைடு எண்ணையும் நுண்ணோக்கி மேடையின் அளவீட்டையும் குறித்து வையுங்கள், இல்லையென்றால் அதை மறுபடி யாராலும் தேடிப் பிடிக்க முடியாது.