ஏழெட்டு எவ்வளவு? தொடக்கப் பள்ளிக் கணக்கு: கேள்வி-பதில்

இரண்டாம் வகுப்பு மகளை தினமும் எவ்வளவு நேரம் பழைய கணக்கைத் திருப்பிப் போடச் சொல்லலாம்? (நகரியிலிருந்து ஒரு தாய்)

பத்து நிமிடம். ஆனால் தினமும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பிடித்து உட்கார வைப்பது இதற்கு ஈடாகாது. புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள்.

என் பையனுக்குக் கணக்கே வரவில்லை. என்ன செய்வது?

எந்த வகுப்பு? கூட்டலா, கழித்தலா? இனமாற்றத்தில் (பக்கத்து இலக்கத்திலிருந்து கடன் வாங்குவது, மிச்சத்தை அடுத்த இலக்கத்தில் சேர்ப்பது) சறுக்குகிறானா, வாய்ப்பாட்டிலா? ஒன்றும் எழுதாமல் மருந்து கேட்டால் எப்படி? அவன் தப்பாகப் போட்ட பத்துக் கணக்குகளை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். வகுத்தலில் மட்டும் நின்றுவிடுகிறார்கள். ஏன்? (பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆசிரியை)

ஒப்பிப்பது வேறு, தெரிந்திருப்பது வேறு. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ஒரு வகுப்பில் ஏழாம் வாய்ப்பாட்டைப் பாட்டாகவே பாடினான் ஒரு பையன். "ஏழெட்டு எவ்வளவுடா?" என்றேன். உதடு அசைய ஆரம்பித்தது: ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு... விரல் ஒவ்வொன்றாக மடங்கி, எட்டாவது விரலில்தான் ஐம்பத்தாறு வந்தது. இவனிடம் 456ஐ 8ஆல் வகுக்கச் சொன்னால், ஒவ்வொரு இலக்கத்துக்கும் அடிப்படியிலிருந்து ஏறியாக வேண்டும். மேலே போய்ச் சேர்வதற்குள் எந்த இலக்கத்தில் நின்றோம் என்பது மறந்துவிடும். பிள்ளைமேல் தப்பில்லை. நாம் கூட்டாகப் பாட வைத்துவிட்டு, 'தெரியும்' என்று குறித்துக்கொண்டோம்.

பத்துக்குப் பத்து வாய்ப்பாட்டில் நூறு பெருக்கல். 1, 2, 5, 10 சீக்கிரம் வந்துவிடும். 7×8ம் 8×7ம் ஒன்றுதான் என்று புரிந்துவிட்டால் மீதி 21தான். அட்டையில் எழுதி வாரத்துக்கு மூன்று புதிதாகச் சேருங்கள். பழையதோடு கலைத்துப் போட்டுக் கேளுங்கள். சரியாகச் சொன்ன அட்டை இரண்டு நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்துத் திரும்பி வரட்டும். "56ல் எத்தனை எட்டு?" என்று தலைகீழாகவும் கேளுங்கள். வகுத்தல் அங்கேதான் இருக்கிறது. வரிசையாக மட்டும் கேட்காதீர்கள்.

வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். 907ஐச் சொன்னால் 1007 என்று எழுதுகிறாள்.

நல்ல கேள்வி. தெலுங்கில் 'தொம்மிதி வந்தலு', ஒன்பது நூறு என்று சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் 'தொள்ளாயிரம்', காதில் ஆயிரம்தான் விழும். 'தொண்ணூறு' என்பதிலும் நூறு ஒலிக்கிறது, அது 90. குழந்தை கேட்டதைத்தான் எழுதுகிறாள், திட்டாதீர்கள். ஒன்பது நூறு ரூபாய்த் தாளை அடுக்கி, "ஒன்பது நூறு, தொள்ளாயிரம்" என்று சேர்த்தே சொல்ல வையுங்கள். பிறகு 90, 900, 907, 97 என்று தினம் நாலு எண்ணைக் கலந்து சொல்லி எழுத வையுங்கள். சுமார் ஒரு மாதம் பிடிக்கும்.

பழையதையே கேட்டுக்கொண்டிருந்தால் பாடம் எப்போது முடியும்?

ஐந்தே கேள்வி: நேற்றையது இரண்டு, போன வாரத்தது இரண்டு, போன மாதத்தது ஒன்று. மறதி முதல் நாட்களில்தான் வேகமாகப் பிடுங்கும். 1885லேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்மீதே சோதித்து எழுதிவிட்டார். இதற்கு ஏழெட்டு நிமிடம் போதும். மறந்துபோன பாடத்தை மார்ச்சில் மறுபடி நடத்த எத்தனை நாள் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். இங்கும் அதேதான்: புத்தகம் மூடியிருக்க வேண்டும்.

ஸ்டாப்வாட்ச் வைத்துக் கேட்கலாமா?

தடுமாறுகிற பிள்ளைக்கு வேண்டாம். முதலில் சரியாக வரட்டும்.