மாடி வீட்டு அக்காவுக்குப் பெயர் இல்லையா?

கேள்வி: கனடாவில் எட்மண்டனுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. வேலை, வீடு, கார் எல்லாம் உண்டு. ஆனால் மதுரை நினைப்பு விடவில்லை. சிம்மக்கல்லில் முருகேசன் அண்ணன் கடையில் நின்றபடி குடித்த டீ, மாசி வீதி நெரிசல், ராத்திரி பதினொன்றரைக்கும் ஆவி பறக்கக் கிடைத்த இட்லி, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வரும் ஆட்கள்... இங்கே பக்கத்து வீட்டுக்குப் போவதென்றாலும் மெசேஜ் அனுப்பிவிட்டுத்தான் போக வேண்டும். தெருவில் சத்தமே இல்லை. அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். போன வாரம் வலது கண்ணில் புரை ஆபரேஷன். மாடி வீட்டு அக்கா சொட்டு மருந்து போட்டுவிடுகிறார், அதனால் கவலையில்லை. ஞாயிறுதோறும் வீடியோ காலில் பேசிவிடுவேன். அடுத்த சித்திரைத் திருவிழாவுக்குப் போய் வந்தால் மனம் ஆறுமா? இல்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிவிடலாமா?

- பெயர் வேண்டாம், எட்மண்டன்

பதில்: தம்பி, ஷார்ஜா, சிங்கப்பூர், மெல்பர்ன் என்று எல்லாப் பக்கமிருந்தும் இதே கடிதம் வருகிறது. ஊர்தான் மாறும், டீக்கடை மாறாது. நாளாக ஆகச் சரியாகிவிடும் என்று உங்களைத் தட்டிக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஒரு வரியைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது.

"மாடி வீட்டு அக்கா சொட்டு மருந்து போட்டுவிடுகிறார், அதனால் கவலையில்லை."

டீக்கடைக்காரரின் பெயரை எழுதியிருக்கிறீர்கள். இட்லி கிடைத்த நேரம்கூட மறக்கவில்லை. பெற்றவள் கண்ணில் மருந்து விடுகிறவருக்கு மட்டும் பெயர் இல்லையா?

1976-ல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊர் உங்களுடையது. அங்கே புரை ஆபரேஷன் பெரிய காரியமே இல்லை. காலையில் போனால் சாயங்காலமோ மறுநாளோ வீட்டுக்கு வந்துவிடலாம். அதற்கு அப்புறம்தான் ஆள் வேண்டும். முதலில் நாளைக்கு ஐந்தாறு வேளை சொட்டு, பிறகு வாரத்துக்கு வாரம் குறைத்து, ஏறக்குறைய ஒன்றரை மாதம். கொஞ்ச நாளைக்குக் கண்ணில் தண்ணீர் படக்கூடாது, குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. அப்படியென்றால் வாசலில் கோலம் யார் போடுகிறார்கள்? தாளிக்கும்போது அடுப்படியில் நிற்பது யார்? கண் சிவந்தால், வலித்தால், பார்வை மங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ராத்திரியில் யார் கூட்டிப்போவார்கள்? ஞாயிற்றுக்கிழமை இதில் ஏதாவது ஒன்றைக் கேட்டீர்களா? நீங்கள் கேட்காதவரை அம்மா "நல்லா இருக்கேன்ப்பா" என்றுதான் சொல்லுவார்.

சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வரும் ஆட்களுக்கு ஏங்குகிறேன் என்கிறீர்கள். அப்படி ஒருவர் தினம் ஐந்தாறு தடவை மாடியிலிருந்து இறங்கி உங்கள் வீட்டுக்குள்தான் வந்துகொண்டிருக்கிறார். நீங்கள் தேடுகிற மதுரை அதுதானே? அதை "கவலையில்லை" என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டு, டீக்கு ஒரு பாரா எழுதுகிறீர்கள்.

அக்கம்பக்கத்தார் உதவுவது அவர்கள் நல்ல மனசு. அதைக் காட்டிப் பிள்ளை தன் கடமையிலிருந்து நழுவக்கூடாது. இது பழைய பஞ்சாங்கம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். தூரத்தில் இருப்பவன் கஞ்சி வைத்துக் கொடுக்க முடியாது, சரி. விசாரிக்கலாம் அல்லவா? குளிர்காலத்தில் இரண்டு ஊருக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். நீங்கள் வேலை முடிந்து வரும்போது அம்மாவுக்கு முதல் சொட்டு வேளை, காலையில் கிளம்பும்போது அங்கே கடைசிச் சொட்டு. இவ்வளவு வசதியாகக் கடிகாரம் யாருக்கும் அமையாது. இரண்டு வேளையும் கூப்பிடுங்கள், ஐந்து நிமிடம் போதும். அந்த அக்காவிடமும் பேசுங்கள், பெயர் சொல்லிப் பேசுங்கள்.

அம்மாவை அங்கேயே கூட்டிக்கொள்கிறேன் என்று அடுத்து ஆரம்பிக்காதீர்கள். பெற்றோர் வந்து தங்கக் கனடா தரும் சூப்பர் விசாவில் ஒரு தடவை வந்தால் தொடர்ந்து 5 வருடம் வரை இருக்கலாம் என்பது தெரியும். காப்பீடும் வருமானமும் நீங்கள் காட்டிவிடுவீர்கள். உங்களுக்கே தாங்காத அந்தச் சத்தமில்லாத தெருவில், டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடுகிற ஊரில், அவர் நாளெல்லாம் யாரோடு பேசுவார்? அவராக ஆசைப்பட்டால் வேறு விஷயம்.

திரும்புவதா வேண்டாமா என்பதை மனைவி, பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். டீக்காக மட்டும் திரும்பினால் ஆறே மாதத்தில் மாசி வீதி நெரிசலைத் திட்டி எனக்கு அடுத்த கடிதம் போடுவீர்கள்.

சித்திரைக்கு டிக்கெட் போடாதீர்கள். அழகர் வருஷா வருஷம் ஆற்றில் இறங்குவார். புரை பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும், இடது கண்ணுக்கு எப்போது என்று டாக்டரிடம் கேட்டு, அந்தத் தேதிக்கு லீவு போட்டுப் போங்கள். சொட்டு மருந்தை உங்கள் கையால் விடுங்கள். நடுவில் முருகேசன் கடைக்குப் போவதை நான் தடுக்கவில்லை. அந்த அக்காவுக்கு மட்டும் ஏர்போர்ட்டில் வாங்கிய சாக்லேட் டப்பாவை நீட்டாதீர்கள். அவர் வீட்டுக்கு என்ன தேவை என்று அம்மாவைக் கேட்டால் சொல்லிவிடுவார்.