நாடகத்தில் வரும் சின்னப் பாட்டுக்கு வேகம், சுருதி, உணர்வு: எதை முதலில் முடிவு செய்வது?

கோபிசெட்டிபாளையம் பக்கம் பள்ளி ஆண்டு விழா நாடகம், அண்ணனைப் பிரிந்த தங்கை பாடும் 16 பார் (bar, தாளத்தின் ஒரு சுற்று) பாட்டு என்கிறீர்கள். முதலில் சுருதிங்க, அதாவது எந்த உயரத்தில் பாடுவது என்பது, அதுவும் பாடப்போகும் பிள்ளையை வைத்துத்தான்.

மேடையில் நாலு எட்டு வேகமாக நடக்கவிட்டு, பாட்டின் உச்ச சுரத்தை மூன்று முறை பாடச் சொல்லுங்கள். 5 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) குரல் கிறீச்சிட்டால் 4½ வையுங்கள். கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒருதரம் குறைத்தால் போதும். மைக் இல்லாத காலத்து நடிகர்கள் உச்சக் கட்டையில் பாடியது கடைசி வரிசைக்குக் கேட்கத்தான். இப்போது அந்த வம்பு எதற்கு?

வேகம் வெறும் கணக்கு. பாருக்கு 4 தாள அடி, மொத்தம் 64. நிமிடத்துக்கு 120 அடி என்றால் 32 நொடி. 80 என்றால் 48 நொடி. பிரிவுக்கு நான் 80 பக்கம் போவேன்.

சோகம் என்றதும் எல்லோரும் நடபைரவி ராகத்துக்கு, அதாவது மேற்கத்திய இசையின் மைனருக்கு, ஓடுகிறார்கள். சங்கராபரணத்திலும், அதாவது மேஜரிலும், மெதுவாகப் பாடி அழவைக்கலாம். உடுக்கை அடித்துப் பாடும் நம்மூர் நாட்டுப்புறக் கதைப்பாட்டான அண்ணன்மார் கதையைக் கேளுங்கள்: உடுக்கை அடி மாறினாலே காட்சி மாறிவிடும். கடைசி வரிக்கு முன் ஒரு பார் வாத்தியத்தை நிறுத்திப் பாருங்கள்.