மில்லில் செய்ததை முதலில் தமிழில் எழுதுங்கள், தம்பி

தம்பி, நீங்கள் அனுப்பிய சீவியை (வேலைக்கான சுயவிவரத்தை) இரண்டு தரம் வாசித்தேன். நான்கு பக்கம். முதல் பக்கம் முழுக்க முழுப்பெயர், முதலெழுத்துக்களுடன் பெயர், அடையாள அட்டை இலக்கம், சமயம், திருமண நிலை, கிராம சேவகர் பிரிவு. கடைசியில் உறவினரல்லாத இருவரின் பெயரும், எல்லாம் உண்மையென்று உறுதிப்படுத்திய கையொப்பமும். இது அரச வேலைக்கு விண்ணப்பிக்கிற வடிவம், நம் பக்கத்தில் எல்லோரும் அண்ணனுடையதையோ மச்சானுடையதையோ பார்த்து எழுதிப் பழகியது, அதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை. ஆனால் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இதைத் திறப்பவர் உங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்று அறிய மூன்றாம் பக்கம் வரை போக வேண்டியிருக்கிறது. அங்கேயும் 'களஞ்சிய எழுதுவினைஞர், 4 வருடம், தரவு உள்ளீடு' என்று ஒற்றை வரி.

அந்த வரிதான் என் மனதை உறுத்தியது. சம்மாந்துறை மில்லில் நெல் வரவுக்கு ஒரு கொப்பி, ஈரப்பதனுக்கு ஒன்று, கொடுப்பனவுக்கு ஒன்று என்று இருந்ததை ஒரே எக்செல் கோப்பாக்கியது நீங்கள்தானே? 14 வீதத்துக்கு மேல் ஈரமிருந்தால் அந்தக் கட்டம் தானாகச் சிவப்பாக மாறும்படி செய்தேன், மாதக் கணக்கு இரண்டு நாளிலிருந்து அரை நாளாகக் குறைந்தது என்று போனில் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னீர்கள்! அது தரவு உள்ளீடு இல்லை. ஒரு சிக்கலைக் கண்டு, அதற்கு ஒரு முறைமையை நீங்களே கட்டியிருக்கிறீர்கள்.

அதனால் ஆங்கிலத்தில் தொடங்க வேண்டாம். ஆங்கிலத்தில் தொடங்கினால் கை தானாக 'கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்யக் கூடியவர்' என்று எழுதிவிடும். முதலில் வீட்டில் உம்மாவுக்குச் சொல்வதுபோலத் தமிழில் ஐந்து வரி எழுதுங்கள்: முன்பு எப்படி இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அப்புறம் என்ன மாறியது. எண் இருந்தால் எண்ணைப் போடுங்கள், இல்லாத எண்ணை மட்டும் போட வேண்டாம், நேர்முகத்தில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும்.

செய்து காட்ட ஒரு வேலைத்திட்டமும் வேண்டும். மில்லில் விவசாயிகளின் பெயர்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடக்கின்றன என்றீர்களே, அதையே எடுங்கள். பாமினியில் நாம் காண்பது தமிழ், கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்து, அதனால்தான் பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை. அதை யூனிகோடாக, அதாவது கணினி தமிழென்றே அறியும் பொதுக் குறிமுறையாக மாற்ற, பைதன் என்ற நிரல் மொழியில் சின்ன நிரல் எழுதலாம். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் சரிவராது, ஏனென்றால் பாமினியில் 'கெ' எழுதக் கொம்பு முதலில் வரும், யூனிகோடில் ககரத்துக்குப் பின்னால் வரும். அந்த இடத்தில் நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்பதைத்தான் தேர்வு செய்பவர் பார்ப்பார். நிரல்களைப் பிறர் பார்க்க வைக்கும் கிட்ஹப் தளத்தில் போடும்போது உண்மையான பெயர்கள் வேண்டாம், கற்பனைப் பெயர்கள் போதும். பைதனுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச இணையவழிப் பாடநெறியே தொடங்கப் போதுமானது.

மற்றபடி இரண்டு பக்கத்துக்குள் நிறுத்துங்கள். சாதாரண தரப் பெறுபேறு ஒரு வரி. சமயம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எடுத்துவிடலாம். கோடு போட்ட பெட்டிகளும் வேண்டாம், சில நிறுவனங்களில் முதலில் மென்பொருள்தான் வாசிக்கும், பெட்டிக்குள் இருப்பதை அது குழப்பிக்கொள்ளக்கூடும்.

எடுத்த உடனே மென்பொருள் பொறியியலாளர் வேலைக்கு அனுப்ப வேண்டாம். களஞ்சியமும் கணக்கும் தெரிந்த உங்களுக்கு, நிறுவனங்களின் கணக்கு, சரக்கு மென்பொருளைப் பராமரிக்கும் உதவிப் பிரிவுதான் கிட்டத்தில் இருக்கிற வாசல். தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்கியூஎல் மொழியைக் கொஞ்சம் படித்துவிட்டு அங்கே தட்டுங்கள்.

வாப்பா பயப்படுகிறார் என்றீர்கள். மில் வேலையை இப்போது விடச் சொல்லவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள், கையில் நியமனக் கடிதம் வரும் வரை விடவே வேண்டாம். அந்த ஐந்து வரியை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள், ஆங்கிலமாக்குவதை இருவரும் சேர்ந்து பார்ப்போம்.