உள்ளூர்ச் சிறு பீர் ஆலைகளை வாடிக்கையாளர்கள் விடாமல் தேடிப் போவது ஏன்?

சிறிதாக ஒரு பீர் ஆலை தொடங்கப் போவதாகவும், வாடிக்கையாளர்களை எப்படித் தக்கவைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். காய்ச்சியவரே ஊற்றிக் கொடுத்தால் ஆட்கள் நிலைத்து நிற்பார்கள் என்பது ஜெர்மனியின் வைடன் நகரில் ஆறு ஆண்டுகள் இருந்தபோது நான் கண்டது.

வைடனிலிருந்து ரயிலில் கால் மணி நேரம் போனால் விண்டிஷ்எஷன்பாக் என்ற சிற்றூர். அங்கும் அதே வட்டாரத்து நொய்ஹாவுஸ், ஃபால்கன்பெர்க், மிட்டர்டைஷ், எஸ்லார்ன் ஊர்களிலும் 'சொய்கல்' என்னும் பீர் மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது. ஊருக்குப் பொதுவாக ஒரு காய்ச்சும் கூடம். நொய்ஹாவுஸில் பீர் காய்ச்சும் உரிமை 1415இல் கிடைத்தது. உரிமை வீட்டோடு சேர்ந்தது. வீடு கைமாறினால் அதுவும் கூடவே போகும். உரிமையுள்ள குடும்பத்தார் முறை வைத்து வந்து, விறகு எரித்து, மால்ட் என்னும் முளைகட்டி உலர்த்திய தானியத்தையும், கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் பூவையும் கொப்பரையில் காய்ச்சுகிறார்கள். சாறு அகலமான தொட்டியில் இரவெல்லாம் ஆறியதும் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். ஈஸ்ட் சேர்த்து நொதிக்க வைப்பதும், வாரக்கணக்கில் குளிரில் முதிர விடுவதும் அவரவர் நிலவறையில்தான். ஒரே கூடத்தில் காய்ச்சியும் வீட்டுக்கு வீடு சுவை மாறுவது இதனால்தான்.

பீர் தயாரானதும் வாசலில் ஆறுமுனை நட்சத்திரம் தொங்கும். வீட்டின் ஓர் அறையே கடையாகிவிடும், பெரும்பாலும் மாதத்தில் ஒரு வார இறுதிக்கு மட்டும். அடுத்த வாரம் வேறு வீட்டின் முறை. இதற்கென்றே ஒரு நாள்காட்டி உண்டு; என் சமையலறைச் சுவரில் அதை ஒட்டி வைத்திருந்தேன்.

முதல் தடவை போனபோது தனி மேசை தேடி நின்றேன். வீட்டுக்கார அம்மாள் என்னை எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த மேசையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அங்கே அதுதான் வழக்கம். மூன்றாம் தடவை, நான் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, கேட்காமலே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்தார். ஒரு மாதம் பீரில் புளிப்பு சற்றுத் தூக்கலாக இருந்தது. "இந்தத் தடவை நிலவறை சூடாகிவிட்டது" என்று அவரே மேசை மேசையாகச் சொல்லிவிட்டார். ஒருவரும் எழுந்து போகவில்லை. அடுத்த மாதமும் அதே முகங்கள்தான். கடையில் வாங்கிய புட்டி அப்படிப் புளித்திருந்தால் அந்தப் பெயரையே மறந்திருப்பேன்.

'சொய்கல்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாததால் பெரிய ஆலைகளும் அதைப் புட்டியில் ஒட்டி விற்கின்றன. ஒன்றை வாங்கிக் குடித்தேன். குறை சொல்ல ஏதுமில்லை, ஆனால் இரண்டாவது புட்டி வாங்கத் தோன்றவில்லை.

ஆகவே, தள்ளுபடி அட்டை அச்சடிப்பதற்கு முன் வாரத்தில் இரண்டு மாலையாவது நீங்களே பீர் ஊற்றும் குழாயருகே நில்லுங்கள். ஒரு தடவை காய்ச்சியது சரியாக வராவிட்டால் அதைப் பற்றி வாடிக்கையாளரிடம் முதலில் நீங்களே சொல்லுங்கள். நான் இப்போது மியூனிக்கில் இருக்கிறேன். இங்கே பீருக்குப் பஞ்சமே இல்லை. இருந்தும் அந்த அம்மாள் வீட்டின் முறை வரும் வெள்ளிக்கிழமைகளில் வடக்கே போகும் ரயிலைப் பிடித்துவிடுகிறேன்.